பழைய ஃபிளாஷ் பாடங்களைத் திறந்த வலைத்தரங்களுக்கு மாற்றுவது எப்படி?

அடோபி நிறுவனம் 2020 டிசம்பர் 31 அன்று உலாவியில் அசைபடங்களையும் விளையாட்டுகளையும் இயக்கிவந்த ஃபிளாஷ் பிளேயர் என்னும் செருகுநிரலுக்கான ஆதரவை நிறுத்தியது. 2021 ஜனவரி 12 முதல் அந்தச் செருகுநிரலே கோப்புகளை இயக்க மறுத்தது. ஒரே நிறுவனத்தின் மென்பொருளை நம்பி உருவாக்கிய பாடங்களும் விளையாட்டுகளும், தம்மிடம் எந்தப் பிழையும் இல்லாமலேயே, வெற்றுப் பெட்டிகளாகிவிட்டன. அத்தகைய கோப்புகளை வைத்திருப்போர் அவற்றை அழித்துவிட வேண்டாம். பலவற்றை இன்னும் மீட்கலாம்.

முதலில் எஃப்எல்ஏ என்னும் மூலக்கோப்பைத் தேடுங்கள். தளத்தில் இருப்பது அதிலிருந்து தொகுக்கப்பட்ட எஸ்டபிள்யூஎஃப் கோப்பு மட்டுமே. மூலம் கிடைத்தால் அடோபி அனிமேட் என்னும் அசைபட மென்பொருளில் திறந்து, உலாவியே நேரடியாக இயக்கும் எச்டிஎம்எல்5 கேன்வாஸ் ஆவணமாக மாற்றலாம். ஆனால் ஃபிளாஷின் நிரல்மொழியான ஆக்‌ஷன்ஸ்கிரிப்ட் நிரலை ஜாவாஸ்கிரிப்டில் நாமே திரும்ப எழுத வேண்டும்.

மூலம் தொலைந்திருந்தால் ரஃபிள் உதவும். இது ஃபிளாஷின் வேலையை வெப்அசெம்பிளி என்னும் வலைத்தரத்தின் வழியாக உலாவிக்குள்ளேயே செய்யும் திறமூல மென்பொருள். இணைய ஆவணக் காப்பகம் 2020 நவம்பரில் தன் ஃபிளாஷ் தொகுப்பைத் திறந்ததும் இதைக் கொண்டுதான். இதன் கோப்புகளை வழங்கியில் ஏற்றி, பக்கத்தில் ஒரு ஸ்கிரிப்ட் வரியைச் சேர்த்தால் போதும். பக்கத்தில் ஃபிளாஷைப் பொதிந்துள்ள பழைய நிரல்வரிகளை அதுவே கண்டுகொள்ளும். ஆக்‌ஷன்ஸ்கிரிப்ட் 1, 2 ஆகியவற்றில் எழுதியவை பெரும்பாலும் நன்றாக ஓடும். 3இல் எழுதியவற்றை ஒவ்வொன்றாக இயக்கிப் பாருங்கள்.

ஃபிளாஷின் காணொளி வடிவமான எஃப்எல்வி கோப்புகளை எஃப்எஃப்எம்பெக் என்னும் இலவசக் கருவியைக் கொண்டு எம்பி4 ஆக்கலாம். உள்ளே எச்.264 முறையில் சுருக்கிய காணொளி இருந்தால் மறுகுறியாக்கம் தேவையில்லை, தரமும் குறையாது.

விளையாட்டுக்கும் அசைபடத்துக்கும் ரஃபிள் போதும் என்பதே என் கருத்து, பாடங்களுக்குப் போதாது. அது எழுத்தையும் படமாகவே வரைவதால், தேடுபொறியோ பார்வையற்றோரின் திரைவாசிப்பானோ அதைப் படிக்க இயலாது. எனவே பாட வரிகளைப் பிரித்தெடுத்து எச்டிஎம்எல் உரையாக்க வேண்டும். ஜேபெக்ஸ் என்னும் இலவசக் கருவி இதைச் செய்யும். தமிழில் இங்கேதான் கூடுதல் உழைப்பு காத்திருக்கிறது. 2008இல் வந்த ஃபிளாஷ் பிளேயர் 10க்கு முன் ஒருங்குறித் (யூனிகோட்) தமிழ் அதில் சரியாகத் தெரியாது. ஆகவே அக்காலத்துப் பாடங்களைப் பாமினி, டாப், திஸ்கி போன்ற பழைய குறியாக்கங்களைக் (எழுத்துகளுக்கு எண் வழங்கும் முறைகளை) கொண்ட எழுத்துருக்களில் தட்டச்சு செய்தனர். பிரித்தெடுத்தால் பொருளற்ற எழுத்துக் குவியலே கிடைக்கும். எந்தக் குறியாக்கம் என்று எழுத்துருப் பெயரைக் கொண்டு கண்டறிந்து, உரிய மாற்றியில் இடுங்கள். வரிகள் எழுத்தாக இல்லாமல் வெறும் கோட்டுருவங்களாக உடைக்கப்பட்டிருந்தால் மீண்டும் தட்டச்சு செய்வதே வழி.

மாற்றிய உரையை, ரஃபிளில் ஓடும் மூலத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வரிவரியாக ஒப்பிடுங்கள். பழைய குறியாக்கங்களில் கொம்பு மெய்க்கு முன்னும் ஒருங்குறியில் பின்னும் வருவதால் கெ, கே, கொ ஆகியவை இடம்மாறியிருக்கலாம்; ஔகாரக் குறியும் ளகரமும் ஒரே வடிவில் இருப்பதால் ‘கௌரவம்’ என்பது ‘கெளரவம்’ ஆகியிருக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலவே தெரியும், தேடலில்தான் அகப்படாது. ஆகையால் இத்தகைய சொற்களைத் தேடிப் பார்த்தே திருத்துங்கள்.