டாஷ்ஹண்ட் குட்டி எடுக்க முன் முதுகைப் பாருங்கள்

யாழ்ப்பாணத்தில் டாஷ்ஹண்ட் என்ற நீள உடல், குட்டைக் கால் நாய் வளர்ப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பெட்டைக்கு முதல் தடவை உதிரம் கண்டதுமே கடுவன் தேடாதீர்கள்.

குட்டைக் கால்களைத் தரும் மரபணு மாற்றங்களில் ஒன்று, முள்ளந்தண்டின் இடைத்தட்டுகளையும் இளவயதிலேயே காய்ந்து இறுகச் செய்கிறது. தட்டு பிதுங்கி முண்ணாணை அழுத்தினால் பின்னங்கால்கள் இழுபடும். அந்த வேதனையைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். இந்த வருத்தம் பெரும்பாலும் 3 முதல் 7 வயதுக்குள்தான் வெளிப்படும். ஒரு வயதில் துள்ளித் திரிவதை வைத்து நாய் சுகமாக இருக்கிறது என்று எப்படிச் சொல்வது?

ஆகவே 2 வயது தாண்டட்டும். பிறகு 4 வயதுக்குள் முதுகை எக்ஸ்-றே எடுத்து, எத்தனை தட்டுகளில் சுண்ணாம்பு படிந்திருக்கிறது என்று கால்நடை வைத்தியரிடம் கேளுங்கள். டென்மார்க்கிலும் பின்லாந்திலும் இதைப் பார்த்துத்தான் இணை தெரிவு செய்கிறார்கள். பல தட்டுகளில் படிந்திருந்தால் அந்த நாயில் குட்டி எடுக்க வேண்டாம். கடுவனுக்கும் இதே சோதனைதான். ஒரு தடவை முதுகு வருத்தம் வந்து சுகப்பட்ட நாயையும் விட்டுவிடுங்கள்.

திட்டுத் திட்டாக நிறம் கலந்த 'டாப்பிள்' நாய்கள் இரண்டை ஒருபோதும் இணை சேர்க்காதீர்கள். குட்டிகள் பார்வையோ கேள்வியோ இல்லாமல் பிறக்கக்கூடும். அழகுக்காக அப்படிச் செய்வது பாவம்.

சரி, குட்டிகள் பிறந்துவிட்டால் 8 கிழமைக்கு முன் தாயிடமிருந்து பிரிக்காதீர்கள். வாங்குபவர் வீட்டில் விறாந்தைப் படி உயரமென்றால், நாயின் முதுகு அதிராதபடி சரிவாக ஒரு பலகை போடச் சொல்லிக் கொடுத்துவிடுங்கள்.