புரோமீத்தியஸ் கொண்டு ஒரு சர்வரைக் கண்காணிக்கத் தொடங்குதல்

செயலி நின்றுவிட்டது என்பதைப் பயனர் தொலைபேசியில் அழைத்துச் சொன்ன பிறகே அறிந்துகொள்ளும் நிலையில் பல சிறு குழுக்கள் இருக்கின்றன. அதை மாற்ற, 2012இல் சவுண்ட்கிளவுட் நிறுவனத்தில் உருவாகத் தொடங்கிய புரோமீத்தியஸ் என்னும் திறமூல மென்பொருள் போதுமானது.

படி 1: கண்காணிக்க வேண்டிய லினக்ஸ் சர்வரில் நோட் எக்ஸ்போர்ட்டர் என்னும் சிறு நிரலைப் பதிவிறக்கி இயக்குங்கள். அது 9100ஆம் போர்ட்டில் (சர்வரின் எண்ணிட்ட இணைப்பு வாயிலில்), நினைவகம், வட்டு முதலியவற்றின் அளவுகளை வெறும் எழுத்துவரிகளாகக் காட்டும். தனியாக அமைக்காதவரை கடவுச்சொல் எதையும் அது கேட்பதில்லை என்பதால், அந்தப் போர்ட்டை வெளியுலகுக்குத் திறந்துவைக்காதீர்கள்.

படி 2: புரோமீத்தியஸை வேறொரு கணினியில் நிறுவுங்கள், காவலரும் காக்கப்படுபவரும் ஒரே கணினியில் இருந்தால், அது விழும்போது செய்தி சொல்ல எவரும் இருக்கமாட்டார்கள். அதன் யாமல் (YAML) வடிவ அமைப்புக் கோப்பில் முதல் சர்வரின் முகவரியையும் 9100 என்னும் எண்ணையும் சேர்த்து, மீண்டும் இயக்குங்கள். அந்தக் கோப்பில் உள்தள்ளலுக்கு டேப் விசையைப் பயன்படுத்தினால் பிழை வரும். இடைவெளி விசையையே பயன்படுத்த வேண்டும்.

படி 3: உலாவியில் புரோமீத்தியஸ் கணினியின் 9090ஆம் போர்ட்டைத் திறந்து, ‘அப்’ (up) என்னும் அளவையைக் கேளுங்கள். 1 என்றால் சர்வர் பதிலளிக்கிறது. 0 என்றால் இல்லை. புரோமீத்தியஸின் அழகு இங்கேதான் இருக்கிறது: சர்வர் தன் நிலையை அனுப்பும் என்று காத்திராமல், குறித்த இடைவெளியில் (மாதிரிக் கோப்பில் 15 விநாடி) தானே சென்று எடுத்துவருவதால், எடுக்க முடியாமற்போவதும் ஒரு தகவலாகிவிடுகிறது.

படி 4: கிராஃபானா என்னும் வரைபட மென்பொருளில் வண்ண வரைபடங்கள் அமைக்கும் ஆசையைச் சற்றே தள்ளிவைத்து, முதலில் இரண்டு எச்சரிக்கை விதிகளை எழுதுங்கள். ஒன்று, ‘அப்’ தொடர்ந்து 5 நிமிடம் 0 ஆக இருந்தால். மற்றொன்று, வட்டு நிரம்பும் வேகத்தைக் கொண்டு, இன்னும் 4 மணி நேரத்தில் அது முழுவதும் நிரம்பிவிடும் என்று கணித்தால். 80 விழுக்காடு என்று நிலையான எல்லை வைப்பதைவிட இதுவே மேல்; மாதக்கணக்கில் 82இல் அசையாமல் நிற்கும் வட்டுக்காக நள்ளிரவில் எவரும் எழ வேண்டியதில்லை. எச்சரிக்கையை மின்னஞ்சலாக அனுப்புவது அலர்ட்மேனேஜர் என்னும் தனி மென்பொருளின் வேலை.

படி 5: நோட் எக்ஸ்போர்ட்டரை வேண்டுமென்றே நிறுத்திப் பாருங்கள். மின்னஞ்சல் வராவிட்டால், புரோமீத்தியஸின் அலர்ட்ஸ் பக்கத்தைத் திறங்கள். ‘பெண்டிங்’ என்று இருந்தால் 5 நிமிடம் இன்னும் முடியவில்லை. ‘ஃபயரிங்’ என்று இருந்தால் விதி சரியாகவே இயங்குகிறது, ஆகவே அலர்ட்மேனேஜருடனான இணைப்பையும் அதன் அஞ்சல் அமைப்பையும் சரிபாருங்கள்.