காய்ச்சல் காட்டாத வைரஸ்: தளர்ந்த முதியவரை வீட்டில் கவனிப்பது எப்படி

"ஆயா நேற்றிலிருந்து ஒரு மாதிரியாக இருக்கிறார்." எண்பதைக் கடந்து, கைப்பிடி இல்லாமல் எழவே முடியாத ஒருவரைப் பற்றி வீட்டில் யாராவது இப்படிச் சொன்னால், அதையே அறிகுறியாக எடுத்துக்கொள்ளுங்கள். சளி, இருமல், காய்ச்சல் என்று அவருக்கு வரிசையாக வராது. ஃப்ளூ வந்தவர் கட்டிலருகே விழுந்து கிடப்பார். கோவிட் வந்தவர் பகலெல்லாம் தூங்குவார். சிக்குன்குன்யா வந்தவர் மூட்டு வலிக்கிறது என்று வாய்விட்டுச் சொல்லாமல், நிற்க மாட்டேன் என்று அடம்பிடிப்பார்.

வயதான உடலில் காய்ச்சலைக் கிளப்பும் வேதிப்பொருள்கள் குறைவாகவே சுரக்கின்றன. தசை கரைந்துபோனதால் நடுங்கிச் சூடேற்றும் திறனும் குறைவு. உடலில் ஏற்கெனவே தள்ளாடிக்கொண்டிருக்கும் உறுப்பின் தலையில்தான் தொற்றின் பாரம் இறங்கும். ஞாபகம் மங்கியவருக்குக் குழப்பம், இதயம் நலிந்தவருக்குக் கால் வீக்கமும் மூச்சிரைப்பும், சர்க்கரைக்காரருக்குச் சாப்பாட்டில் மாற்றமே இல்லாமல் ஏறும் சர்க்கரை. மொரீஷியஸில் பல வீடுகளில் சர்க்கரை மாத்திரை இருக்கும் என்பதால் கடைசியாகச் சொன்னதைக் கொஞ்சம் கூடுதலாகவே கவனியுங்கள்.

நலமாக இருக்கும்போதே ஒரு தாள்

அவர் நன்றாக இருக்கும் ஒரு வாரத்தில் காலையும் மாலையும் வெப்பநிலை, நாடித்துடிப்பு, ரத்த அழுத்தம், ஆக்சிஜன் அளவு, நிமிடத்துக்கு எத்தனை மூச்சு ஆகியவற்றைக் குறித்து ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டுங்கள். கழிவறைக்குத் தானாகப் போகிறாரா, எவ்வளவு தூரம் நடக்கிறார், ஒரு வேளைக்கு எவ்வளவு சோறு என்பதும் அதில் இருக்கட்டும். இந்தத் தாள் இல்லாவிட்டால் மற்ற எந்த எண்ணுக்கும் பாதி மதிப்புதான். வழக்கமாக 150 காட்டுபவருக்கு மேல் அழுத்தம் 105 என்றால் அது ஆபத்து. தாள் இல்லாதவர் அதைப் பார்த்து "நார்மல்" என்று மகிழ்ந்துவிடுவார்.

வெப்பநிலையில் 38 வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். நாக்கடியில் ஒருமுறை 37.8-க்கு மேல் போனாலும், திரும்பத் திரும்ப 37.2-ஐத் தாண்டினாலும், அவருடைய வழக்கத்தைவிட 1.1 டிகிரி கூடினாலும் காய்ச்சல்தான். வழக்கமாக 36 இருப்பவருக்கு 37.1 என்பது காய்ச்சல். மெலிந்தவர்களின் அக்குள் குழிந்திருப்பதால் தெர்மாமீட்டர் தோலைத் தொடாமல் குறைத்துக் காட்டும், அதனால் நாக்கடியில் வையுங்கள். தேநீர் குடித்திருந்தால் 20 நிமிடம் கழித்து. பனடோல் (பாராசிட்டமால்) போட்ட பிறகு பார்த்துவிட்டுக் காய்ச்சல் இல்லை என்று சொல்லும் தவறு அடிக்கடி நடக்கிறது. மாத்திரைக்கு முன்பே பாருங்கள். பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு எடுப்பவருக்கும் காய்ச்சல் அடங்கித்தான் தெரியும். நாடியை மெதுவாக்கும் இதய, அழுத்த மாத்திரைகளான அட்டெனோலோல், பிசோப்ரோலோல் எடுப்பவரின் நாடி நோயிலும் அவ்வளவாக வேகமெடுக்காது.

மூச்சை எண்ணும்போது அவருக்குத் தெரியக்கூடாது, தெரிந்தால் மூச்சை மாற்றிவிடுவார். நாடி பார்ப்பதுபோல் மணிக்கட்டைப் பிடித்து அவர் மார்பின் மேலேயே வையுங்கள். கடிகாரத்தைப் பார்த்தபடி முழு 60 வினாடி எண்ணுங்கள். 15 வினாடி எண்ணி நாலால் பெருக்கினால் தவறும். 25-ஐத் தொட்டால் காய்ச்சல் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அன்றே மருத்துவர் பார்க்க வேண்டும். அதையும் தாண்டினால் ஆம்புலன்ஸ் (மொரீஷியஸில் 114).

ஆக்சிஜனை அளக்க விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரை மாட்டுமுன் விரலைத் தேய்த்துச் சூடாக்குங்கள். ஜூலை, ஆகஸ்டின் குளிர்காலத்தில் மொரீஷியஸின் மேட்டு நகரங்களான கியூர்பிப், வாக்வா பக்கம் குளிர்ந்த விரலில் எண் தாவிக்கொண்டே இருக்கும். நகப்பூச்சு இருந்தால் அழித்துவிடுங்கள். நிறம் கூடிய தோலில் இக்கருவி உண்மையைவிடச் சற்று உயர்த்திக் காட்டலாம். ஆகவே நம்மவர்களுக்கு 94 என்பதை நிம்மதி தரும் எண்ணாகக் கொள்ள வேண்டாம். நாள்பட்ட நுரையீரல் நோய் உள்ளவருக்கு வழக்கமான அளவே குறைவாக இருக்கலாம் என்பதால் தாளோடு ஒப்பிடுங்கள்.

குழப்பம்: சத்தமில்லாத வகை

தொற்றால் வரும் திடீர் குழப்பத்துக்கு டெலிரியம் என்று பெயர். கத்தி, எழுந்து ஓடப் பார்க்கும் வகை யார் கண்ணுக்கும் படும். தப்பிப்போவது அமைதியான வகைதான். காலையில் வைத்த தேநீர் ஆடை படிந்து அப்படியே இருக்கும். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் கண் திறந்து, பாதி வாக்கியத்தில் மூடிக்கொள்வார். விரல்கள் போர்வை ஓரத்தைப் பிய்த்துக்கொண்டே இருக்கும். "சமத்தாகப் படுத்திருக்கிறார்" என்று வீட்டார் நிம்மதியடைவது அப்போதுதான்.

2020-ல் அமெரிக்காவின் 7 அவசரச் சிகிச்சைப் பிரிவுகளுக்கு வந்த, கோவிட் தொற்றிய 65 வயதைக் கடந்த 817 பேரை ஆய்ந்தபோது, 28 சதவீதத்தினருக்கு டெலிரியம் இருந்தது. அவர்களில் 37 சதவீதத்தினரிடம் காய்ச்சல், மூச்சுத்திணறல் போன்ற வழக்கமான அறிகுறி எதுவும் இல்லை.

சோதிக்கும் வழி எளிது. டிசம்பரிலிருந்து பின்னோக்கி மாதங்களைச் சொல்லச் சொல்லுங்கள், அவர் அன்றாடம் பேசும் மொழியில். மொரீஷியஸின் கிரியோல் மொழியில் வாழ்ந்தவரிடம் தமிழ் மாதத்தைக் கேட்டு, சொல்லவில்லை என்றால் அது குழப்பம் ஆகாது. ஏழு மாதமாவது தவறில்லாமல் வர வேண்டும். படிக்காதவராக இருந்தால் கிழமைகளைப் பின்னோக்கிக் கேளுங்கள். போன மாதம் சொன்னவரால் இன்று முடியவில்லை, காலையில் தெளிவு மாலையில் மயக்கம் என்று ஏறி இறங்குகிறது என்றால் அது டெலிரியம். மறதி நோய் மாதக்கணக்கில் வரும், இது மணிக்கணக்கில் வரும்.

குழப்பம் கண்டதும் முதல் வேலை விரலில் குத்திச் சர்க்கரை பார்ப்பது. சாப்பிடாமல் கிளிக்ளசைட் என்ற சர்க்கரை மாத்திரை போட்டவருக்குச் சர்க்கரை இறங்கியே குழப்பம் வரும். 4-க்குக் (mmol/L) கீழ் இருந்து, விழுங்கவும் முடிந்தால் 15 கிராம் சர்க்கரையை, அதாவது மூன்று நான்கு தேக்கரண்டி, நீரில் கரைத்துக் கொடுத்து 15 நிமிடத்தில் மறுபடி பாருங்கள். முகம் ஒருபக்கம் கோணியிருந்தால், ஒரு கை தொங்கினால், பேச்சு குழறினால் அது பக்கவாதம். சோதனை எல்லாம் வேண்டாம், 114-க்கு அழையுங்கள்.

தூக்க மாத்திரை கொடுக்காதீர்கள், குழப்பம் இன்னும் கூடும். கண்ணாடி, காது கருவி, பல் செட் மூன்றையும் மாட்டிவிட்டு, திரையை விலக்கி வெளிச்சம் விடுங்கள்.

சிறுநீரில் போய் முடியும் தவறு

குழப்பம் என்றதும் சிறுநீர்ப் பட்டை சோதித்து, நிறம் மாறியதும் "யூரின் இன்ஃபெக்‌ஷன்" என்று ஆன்டிபயாட்டிக் தொடங்கிவிடுவது உலகெங்கும் உள்ள பழக்கம். தளர்ந்த முதியவர் பலரின் சிறுநீரில் எந்தத் தொல்லையும் இல்லாமலே கிருமி குடியிருக்கும். எரிச்சல், அடிவயிற்று வலி, புதிதாக அடிக்கடி போவது இவை எதுவும் இல்லாதபோது பட்டையை மட்டும் நம்பினால், உள்ளே ஓடும் ஃப்ளூவைத் தவறவிடுவோம். ஃப்ளூவுக்கான ஓசெல்டாமிவிர் 48 மணிக்குள் தொடங்கினால்தான் நன்றாக வேலை செய்யும், சிறுநீரகத்தைப் பார்த்து அளவையும் குறைக்க வேண்டும். மூக்கில் ஸ்வாப் எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். ஃப்ளூ உறுதியான முதல் 7 நாளில் மாரடைப்பு வாய்ப்பு சுமார் 6 மடங்கு கூடுவதாக ஒரு கனடிய ஆய்வு காட்டியது. ஆகவே அந்த வாரத்தில் நெஞ்சு அடைப்பு, திடீர் வியர்வை, காரணமில்லாத வாந்தி எதையும் வாயுத்தொல்லை என்று தள்ளிவிட வேண்டாம்.

இன்னொரு வைரஸ் வெளியிலிருந்து வராது. சின்ன வயதில் வந்த சின்னம்மை நரம்பில் பதுங்கியிருந்து அக்கியாக எழும். கொப்புளத்துக்குச் சில நாள் முன்பே விலாவிலோ நெற்றியிலோ ஒருபக்கம் மட்டும் எரியும், தொட்டால் துடிப்பார். தினமும் உடை மாற்றும்போது முதுகைப் பாருங்கள். கொப்புளம் தெரிந்த 72 மணிக்குள் மருந்து. மூக்கு நுனியிலோ கண்ணருகிலோ இருந்தால் அன்றே கண் மருத்துவர்.

மழைக்காலம் வந்தால்

மொரீஷியஸில் ஜனவரி முதல் ஏப்ரல், மே வரை கொசுவின் காலம். பக்கத்துத் தீவான ரெயூனியனில் 2005, 2006-ல் மக்களில் மூன்றிலொருவரைச் சிக்குன்குன்யா பிடித்தது. இறந்தவர்களில் பெரும்பாலோர் ஏற்கெனவே வேறு நோய் இருந்த முதியவர்கள். அதே வைரஸ் 2025-ல் அங்கும் மொரீஷியஸிலும் திரும்பியது. டெங்கு இல்லை என்று ரத்தச் சோதனை சொல்லும் வரை ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் வேண்டாம், ரத்தப்போக்கைக் கூட்டும். இதயத்துக்காக ஆஸ்பிரின் எடுப்பவர் நிறுத்தும் முன் மருத்துவரைக் கேட்க வேண்டும். வலிக்குப் பனடோல் போதும். 50 கிலோவுக்குக் குறைந்தவருக்கு ஒரு வேளைக்கு 500 மி.கி., நாளுக்கு நான்கு வேளைக்கு மேல் வேண்டாம். டெங்கில் காய்ச்சல் இறங்கும் மூன்றாம் நாள் முதல் ஏழாம் நாள் வரைதான் கண்கொத்திப் பாம்பாக இருக்க வேண்டிய நேரம். வயிற்றுவலி, ஓயாத வாந்தி, ஈறில் ரத்தம், சில்லென்ற கைகால் ஏதாவது ஒன்று வந்தாலும் மருத்துவமனைதான்.

தண்ணீரும் மாத்திரையும்

முதியவரின் கைத்தோலைக் கிள்ளிப் பார்த்து நீர்ச்சத்தை அறிய முடியாது, தோல் எப்படியும் மடிந்தே நிற்கும். நாக்கு வறண்டு வெடித்திருக்கிறதா, சிறுநீர் எத்தனை முறை போனது என்று பாருங்கள். பெண்ணுக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 1.6 லிட்டர், ஆணுக்கு 2 லிட்டர் பானம் தேவை. இதயத்துக்காகத் தண்ணீரைக் குறைக்கச் சொல்லியிருந்தால் மருத்துவர் சொன்ன அளவே. தாகம் எடுக்காது என்பதால் கேட்டுக்கொண்டிருக்காமல், மணிக்கொருமுறை அரை கிண்ணம் ரசமோ முருங்கைக் கீரைச் சாறோ கையில் கொடுங்கள். புரையேறினால் நிறுத்தி நிமிர்த்தி உட்கார வையுங்கள்.

வாந்தி, பேதி, சாப்பிடாமை என்றால் நீர் மாத்திரை, எனலாப்ரில் போன்ற அழுத்த மாத்திரைகள் சிறுநீரகத்தைப் பாதிக்கலாம், சர்க்கரைக்கான மெட்ஃபார்மின் உடலில் தேங்கி ஆபத்தாகலாம். எதை எத்தனை நாள் நிறுத்துவது என்று அன்றே மருத்துவரிடம் கேளுங்கள். நீங்களாக எல்லாவற்றையும் நிறுத்துவதும், எப்போதும்போல் எல்லாவற்றையும் கொடுப்பதும் இரண்டுமே தவறு. இன்சுலினை முழுதாக நிறுத்தவே கூடாது.

எழுப்ப முடியவில்லை, மூச்சு 25-க்கு மேல், ஆக்சிஜன் 92-க்குக் கீழ், உதடு நீலம், அரை நாளாகச் சிறுநீர் இல்லை, விழுந்து தலையில் அடி என்றால் 114-க்கு அழையுங்கள். அவ்வளவு அவசரமில்லை, ஆனால் ஆள் மாறியிருக்கிறார் என்றால் பக்கத்துத் திஸ்பென்சரிக்கு அன்றே கூட்டிச்செல்லுங்கள், திங்கள் வரை தள்ளாதீர்கள். போகும்போது "சோர்வாக இருக்கிறார்" என்று மட்டும் சொன்னால் வரிசையின் கடைசிக்குப் போய்விடுவீர்கள். "செவ்வாய் வரை தானாகக் கழிவறைக்குப் போனவர், புதன் முதல் இரண்டு பேர் தாங்க வேண்டியிருக்கிறது" என்று நாளோடு சொல்லுங்கள். ஃப்ரிட்ஜ் கதவுத் தாள், மாத்திரை அட்டைகள், கண்ணாடி, காது கருவி, அதற்கான பேட்டரி எல்லாம் ஒரே பையில் இருக்கட்டும்.