ஸ்விஃப்ட் ஸ்போர்ட்டுக்கு ரிம்மும் டயரும்: 17-இலிருந்து 16-க்கு இறங்கிய கதை

போன வருஷம் ஒரு மழை நாள். கோலாலம்பூர் ஜாலான் ஈப்போவில் தண்ணீர் நிறைந்து கிடந்த குழிக்குள் முன் இடது சக்கரத்தை விட்டேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் ரிம்மின் உள் விளிம்பு சப்பிப் போயிருந்தது, டயரின் பக்கவாட்டில் கோழிமுட்டை மாதிரி ஒரு வீக்கம். ஆறு மாதத்தில் இது இரண்டாவது தடவை.

எல்லாரும் ரிம்மைப் பெரிதாக்குவார்கள். நான் ஓர் அங்குலம் குறைத்தேன். டயர் கடை தவுக்கே (முதலாளி) சிரித்தார், தம்பி ஒரு வாரம் கேலி செய்தான். எனக்கு ஒரு துளி வருத்தம் கூட இல்லை. வழியில் நான் செய்த தப்புகளை நீங்கள் செய்யாமல் இருக்கத்தான் இதை எழுதுகிறேன். ஜாக்கை எங்கே வைப்பது, நட்டை எந்தப் பக்கம் திருப்புவது என்பதெல்லாம் இதில் வராது.

1. முதலில் உங்கள் காரின் எண்களை எழுதுங்கள்

என்னுடையது 2014 மாடல் சுசுகி ஸ்விஃப்ட் ஸ்போர்ட். அதன் எண்கள்: டயர் 195/45 ஆர்17, ரிம் 17 அங்குலம், அகலம் 6.5 அங்குலம், ஆஃப்செட் 50 (விளக்கம் கீழே), பிசிடி (நட்டு ஓட்டைகளின் எண்ணிக்கையும் அவை அமைந்த வட்டத்தின் விட்டமும்) 5×114.3, நடு ஓட்டை 60.1 மி.மீ., நட்டு எம்12×1.25 (12 மி.மீ. தடிமன், மரை இடைவெளி 1.25 மி.மீ.). டயர் அளவு டயரிலேயே இருக்கும். அகலமும் ஆஃப்செட்டும் ரிம்மைக் கழற்றிப் பின்பக்கம் பார்த்தால் தெரியும். சாதாரண ஸ்விஃப்ட் பலவற்றுக்கு பிசிடி 4×100. 'ஸ்விஃப்ட் ரிம்' என்று மொட்டையாகக் கேட்டு வாங்கிவிடாதீர்கள்.

2. வெளி விட்டம் மாறக் கூடாது

ரிம் சிறிதானால் டயரின் சுவர் உயரமாக வேண்டும். கணக்கு சுலபம்: டயர் அகலத்தை (195) விகிதத்தால் (45 சதவீதம்) பெருக்கி, இரண்டால் பெருக்கி, அதோடு ரிம் விட்டத்தைக் கூட்டுங்கள். ஓர் அங்குலம் 25.4 மி.மீ.

பழையது 195/45 ஆர்17: 175.5 + 431.8 = 607.3 மி.மீ.
புதியது 205/50 ஆர்16: 205 + 406.4 = 611.4 மி.மீ.

வித்தியாசம் 0.7 சதவீதம்தான். மீட்டர் 110 காட்டினால் அதைவிட முக்கால் கிலோமீட்டர் கூடுதலாகப் போகிறீர்கள், அவ்வளவே. கடையில் 205/45 ஆர்16 மலிவாகக் கிடைக்கிறது என்றார்கள். அதன் விட்டம் 590.9, கிட்டத்தட்ட 3 சதவீதம் குறைவு. கார் தரையோடு தாழும், கியர் விகிதம் மாறியதுபோலவும் ஆகும். வேண்டாம் என்றுவிட்டேன். இந்த மாற்றத்தில் எனக்குக் கிடைத்த பெரிய லாபம் டயர்ச் சுவரில் கூடிய 15 மி.மீ. உயரம். குழியில் விழும்போது அடி வாங்குவது அந்த ரப்பர்தான், ரிம் அல்ல.

3. ஆஃப்செட்

ரிம் காருக்குள் எவ்வளவு உள்வாங்கி உட்காரும் என்பதைச் சொல்லும் எண் இது. எண் குறைந்தால் சக்கரம் வெளியே வரும். நான் வாங்கியது 16×7, ஆஃப்செட் 45. பழையதோடு ஒப்பிட்டால் வெளிப்பக்கம் 11 மி.மீ. கூடுதல், உள்பக்கம் 1 மி.மீ. கூடுதல். மட்கார்டுக்குள் அடங்கிவிட்டது. ஆஃப்செட் 35 போட்டால் இன்னும் 10 மி.மீ. வெளியே தள்ளும். பார்க்க முறுக்காக இருக்கும், ஆனால் டயர் மட்கார்டைத் தாண்டி நீட்டிக்கொண்டிருந்தால் ஜேபிஜே (சாலைப் போக்குவரத்துத் துறை) சம்மன் வரும். பின்சீட்டில் மூன்று பேர் ஏறினால் உரசலும் வரும்.

கடையில் காசு கொடுப்பதற்கு முன் ஒரே ஒரு ரிம்மை முன்சக்கரத்தில் மாட்டிப் பாருங்கள். பிரேக் காலிப்பர் இடிக்கிறதா, ஸ்டியரிங்கை முழுதும் ஒடித்தால் எங்காவது தட்டுகிறதா என்று பார்க்க ஐந்து நிமிஷம் போதும். அதற்குச் சம்மதிக்காத கடையில் வாங்காதீர்கள்.

4. நடு ஓட்டை (நான் விழுந்த இடம்)

ரிம், டயர் எல்லாம் மாட்டி, அலைன்மெண்டும் பார்த்துக் கொடுத்தார்கள். ஊருக்குள் ஓட்டினால் பட்டு மாதிரி இருந்தது. ஞாயிற்றுக்கிழமை காராக் நெடுஞ்சாலையில் ஏறினேன். 90-ஐத் தொட்டதும் ஸ்டியரிங் நடுங்கத் தொடங்கியது. 105-இல் கையே மரத்துப்போகிற அளவுக்கு ஆட்டம். 120-இல் கொஞ்சம் அடங்கியது.

திரும்பிப் போய் பேலன்ஸிங் (சக்கரத்தின் எடையைச் சமன் செய்வது) செய்தேன். நடுக்கம் நிற்கவில்லை. இரண்டாவது தடவையும் செய்தேன், நிற்கவில்லை. டயர்தான் சரியில்லை என்று கடைக்காரர் சொல்ல, முன் டயர்களைப் பின்னுக்கு மாற்றினோம். அப்போது நடுக்கம் சீட்டுக்கு வந்தது. இப்படியே மூன்று வாரம் ஓடியது.

கடைசியில் செந்தூலில் எனக்குத் தெரிந்த மெக்கானிக் அண்ணனிடம் போனேன். அவர் ரிம்மைக் கழற்றி, நடு ஓட்டைக்குள் விரலை விட்டுப் பார்த்துவிட்டு ஒரே கேள்விதான் கேட்டார்: "ரிங் எங்க தம்பி?"

விஷயம் இதுதான். கம்பெனி ரிம்மின் நடு ஓட்டை காரின் ஹப்பில் (சக்கரம் மாட்டும் அச்சு முனை) இறுக்கமாக, சரியாக 60.1-இல் உட்காரும். வெளியில் விற்கும் ரிம்களைப் பல கார்களுக்கும் சேர்த்துச் செய்வதால் ஓட்டை பெரிதாக, பெரும்பாலும் 73.1 இருக்கும். அப்படியானால் சுற்றிலும் 6.5 மி.மீ. இடைவெளி. கூம்பு நட்டுகள் ரிம்மை நடுவுக்குக் கொண்டுவரும் என்பது உண்மைதான். ஆனால் கார் எடை சக்கரத்தின் மேல் இருக்கும்போதே நட்டு இறுக்கும் துப்பாக்கியால் ஒரு நட்டை முழுதும் இறுக்கிவிட்டு அடுத்ததற்குப் போனால், ரிம் ஒரு மயிரிழை விலகி உட்கார்ந்துவிடும். பேலன்ஸிங் மெஷின் ரிம்மைத் தன் கூம்பில் வைத்துச் சுற்றுவதால் அதில் எல்லாம் சரியாகவே காட்டும்!

இதற்கு மருந்து ஹப் ரிங். வெளி விட்டம் 73.1, உள் விட்டம் 60.1. நான்கு வளையத்துக்கு நான் கொடுத்தது 60 வெள்ளி (ரிங்கிட்). அன்று மாலையே டியூக் நெடுஞ்சாலையில் 110-இல் ஒரு விரலால் ஸ்டியரிங் பிடித்தேன்.

பிளாஸ்டிக்கா அலுமினியமா என்று கேட்டால், அன்றாடம் ஓட்டுகிறவர்களுக்கு நான் பிளாஸ்டிக் என்பேன். நம் ஊர் மழையில் அலுமினிய வளையம் ஹப்போடு பூத்துப்போய் ஒட்டிக்கொள்ளும், சுத்தியலால் தட்டித்தான் எடுக்க வேண்டியிருக்கும். கெந்திங் மலையிலிருந்து பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்குகிறவர் என்றால் சூட்டில் பிளாஸ்டிக் இளகும். அவர்கள் அலுமினியம் வாங்கி, மெல்லிசாகக் கிரீஸ் தடவி மாட்டட்டும்.

5. நட்டு

கூம்பு நட்டுதான் வேண்டும். ஹோண்டாவின் கம்பெனி நட்டு உருண்டை முகம் உள்ளது, வெளி ரிம்மில் சரியாக உட்காராது. முதல் மூன்று நான்கு சுற்றைக் கையால் சுற்றுங்கள். கையால் சுற்ற வரவில்லை என்றால் மரை தப்பு. நட்சத்திர வடிவில் மாற்றி மாற்றி, டார்க் ரெஞ்ச் (விசையை அளந்து இறுக்கும் ஸ்பானர்) வைத்து, காரின் கையேட்டில் உள்ள அளவுக்கு இறுக்குங்கள். 100 கிலோமீட்டர் ஓட்டியபின் மறுபடி ஒருமுறை. ரிம் வாங்கக் காசு இருக்கிறவரிடம் டார்க் ரெஞ்ச் வாங்கவும் காசு இருக்கும்.

6. எந்த ரிம், எந்த டயர்

பேர் போன ஜப்பான் ரிம்மைப் போலச் செய்த ரெப்ளிகாவும் வாங்கலாம், நான் குற்றம் சொல்லமாட்டேன். ஆனால் ஜேடபிள்யூஎல், விஐஏ (ஜப்பானின் ரிம் தர முத்திரைகள்) முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். என் பணத்துக்கு, புது ரெப்ளிகாவைவிட பழைய கார் பாகங்களை விற்கும் ஹாஃப்கட் கடையில் கிடைக்கும் பழைய எங்கெய் (ஜப்பான் கம்பெனி) ரிம் மேல். பழையது என்றால் வெல்டிங் தழும்பு இருக்கிறதா என்று உள்பக்கம் பார்க்க வேண்டும், பேலன்ஸிங் மெஷினில் வெறும் ரிம்மைச் சுற்றவிட்டும் பார்க்க வேண்டும்.

டயருக்கு ஒரே விதிதான்: கோலாலம்பூரில் சாயங்காலம் மழை பெய்யும். ட்ரெட்வேர் எண் (தேய்மானத்தைத் தாங்கும் அளவு) 200-க்குக் கீழே உள்ள, பள்ளம் குறைந்த செமி ஸ்லிக் வகையைத் தினசரி ஓட்டத்துக்கு வாங்காதீர்கள். தேங்கிய நீரில் மிதக்கும், சீக்கிரம் தேயும், சத்தமும் போடும். அகன்ற நீர்வடிகால் பள்ளங்கள் உள்ள சாதாரண ஸ்போர்ட்ஸ் டயர் போதும். சுமை எண் பழையதைவிடக் குறையக் கூடாது: என் பழையது 81, அதாவது ஒரு டயருக்கு 462 கிலோ. புதியது 87, 545 கிலோ. பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கத்தையும் படியுங்கள். 2324 என்றால் 2024-இன் 23-ஆவது வாரம் செய்தது. 'புது ஸ்டாக்' என்று மூன்று வருஷப் பழசை என்னிடம் நீட்டியிருக்கிறார்கள்.

பின்சேர்க்கை

இதைப் படித்துவிட்டு பெரோடுவா மைவி கார் வைத்திருக்கும் இரண்டு பேர் ஒரே கேள்வியைக் கேட்டார்கள். மைவிக்கு பிசிடி 4×100, நடு ஓட்டை 54.1. ஆகவே 73.1–54.1 ரிங் வேண்டும், என்னுடையது பொருந்தாது. நட்டும் வேறு, எம்12×1.5. ஒருவர் சுசுகி நட்டை அதில் துப்பாக்கி வைத்து ஏற்றி ஒரு ஸ்டட்டை (நட்டு ஏறும் போல்ட்) நாசம் செய்துவிட்டார். ஸ்டட் மாற்ற 45 வெள்ளி ஆனதாம். கையால் சுற்றச் சொல்லி மேலே எழுதியிருந்தேனே என்றேன். அந்தப் பத்தியைத் தாண்டிவிட்டாராம்.