காலை 9 முதல் 2 வரை: மின்தடை நாளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தமிழ்நாட்டில் துணை மின் நிலையப் பராமரிப்புக்காக முன்கூட்டியே அறிவித்துக் கரண்டை நிறுத்துகிறார்கள். பெரும்பாலும் காலை 9 மணிக்குப் போய் மதியம் 2 மணிக்கு வரும். வேலை அதிகம் என்றால் மாலை 5 மணி ஆகும். கம்பியில் உரசும் கிளைகளை வெட்டுவது, கம்பியைத் தாங்கும் பீங்கானில் விரிசல் விட்டதை மாற்றுவது, தளர்ந்த ஜம்பரை (இரு கம்பிகளை இணைக்கும் துண்டுக் கம்பி) இறுக்குவது, கோளாறு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் பிரேக்கரைச் சரிபார்ப்பது எல்லாம் அந்த நேரத்தில்தான் நடக்கும். கரண்ட் இல்லாத ஐந்து மணி நேரத்தால் வீட்டுக்கு வரும் நஷ்டம் குறைவு. மோட்டாரும் ஃபிரிட்ஜும் பழுதாவது பெரும்பாலும் கரண்ட் திரும்பி வரும் நேரத்தில்தான். முந்தைய நாள் செய்யாமல் விட்டவையும் அன்றைக்குத்தான் தெரியவரும்.

அறிவிப்பில் ஊர்ப் பெயரை மட்டும் தேடுவது

செய்தித்தாளில் வரும் பட்டியல் துணை மின் நிலையம் வாரியாக இருக்கும். ஒரே நகரின் இரண்டு தெருக்களுக்கு இரண்டு வேறு ஃபீடரிலிருந்து (துணை மின் நிலையத்திலிருந்து கிளம்பும் மின்பாதை) மின்சாரம் வரலாம். நகர் பெயரைப் பார்த்துவிட்டு ஏமாறுவதும், பெயர் இல்லையென்று நிம்மதியாக இருந்து மாட்டிக்கொள்வதும் இதனால்தான். உங்கள் இணைப்பு எந்தத் துணை மின் நிலையத்தில், எந்த ஃபீடரில் இருக்கிறது என்பதை மின் வாரியப் பிரிவு அலுவலகத்தில் மின் இணைப்பு எண்ணைச் சொல்லி ஒருமுறை கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். அதன்பின் பட்டியலில் அந்தப் பெயரைப் பார்த்தாலே போதும். வாரிய இணையதளத்திலும் வட்டம் வாரியாகப் பட்டியல் கிடைக்கும்.

2 மணி என்பது உறுதிமொழி அல்ல, பணி முடிந்தால்தான் இணைப்பு கொடுப்பார்கள். 2:15க்கு ஆன்லைன் நேர்காணல் வைத்துக்கொள்ளாதீர்கள். முன்னதாகவே முடிந்து 12:30க்கு வந்துவிடுவதும் உண்டு. ஆகவே 2 மணி வரை வராது என்ற நம்பிக்கையில் யாரும் வயரிங்கில் கைவைக்கக் கூடாது. மெயினை அணைத்த பிறகுதான் எந்த வேலையும்.

8:45க்கு மோட்டார் போடுவது

தெருவில் எல்லோரும் ஒரே நேரத்தில் போடுவதால் வோல்டேஜ் இறங்கும், மோட்டார் சூடாகும், தொட்டியும் நிறையாது. முந்தைய இரவே நிரப்பிவிடுங்கள். அடுக்குமாடியில் 8:50க்குப் பிறகு லிஃப்ட் வேண்டாம்.

இன்வெர்ட்டரைக் கணக்குப் போடாமல் நம்புவது

150 ஏஹெச் (ஆம்பியர் மணி), 12 வோல்ட் பேட்டரி என்றால் பெருக்கிப் பார்த்தால் 1,800 வாட் மணி. ஆனால் அவ்வளவும் கையில் வராது. பேட்டரியை அடிவரை காலி செய்யக் கூடாது. இன்வெர்ட்டரிலும் கொஞ்சம் வீணாகும். நல்ல நிலையில் உள்ள பேட்டரிக்குச் சுமார் 1,100 என்று வைத்துக்கொள்ளுங்கள். 75 வாட் பழைய மின்விசிறி மூன்று, 9 வாட் எல்இடி நான்கு, 10 வாட் ரௌட்டர் ஒன்று என்றால் மொத்தம் 271 வாட். நான்கு மணி நேரம் ஓடும். ஐந்தாவது மணி நேரத்துக்கு வராது. அதே மூன்று மின்விசிறியும் குறைந்த மின்சாரத்தில் ஓடும் 30 வாட் பிஎல்டிசி வகையென்றால் மொத்தம் 136 வாட்தான், எட்டு மணி நேரம் தாங்கும். புதிய பேட்டரி வாங்க யோசிப்பவர்கள் முதலில் மின்விசிறியை மாற்றலாம் என்பதே எங்கள் கருத்து.

மின்தடை அபூர்வமாகிவிட்ட ஊர்களில் பேட்டரியை யாரும் திறந்தே பார்ப்பதில்லை. இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை, பேட்டரியின் தண்ணீர் அளவைக் காட்டும் மிதவையைப் பாருங்கள். சிவப்புக்கு இறங்கியிருந்தால் பச்சை வரை டிஸ்டில்டு வாட்டர் ஊற்றுங்கள். குழாய்த் தண்ணீர், ஆர்ஓ தண்ணீர், கேன் தண்ணீர் எதுவும் ஆகாது; அவற்றிலுள்ள உப்பு தகடுகளைக் கெடுக்கும். ஆசிட் ஊற்றவே கூடாது. பச்சையைத் தாண்டியும் ஊற்றாதீர்கள், சார்ஜ் ஏறும்போது ஆசிட் பொங்கி வழியும். சார்ஜ் ஆகும் பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வரும் என்பதால் பூஜை விளக்குக்கும் அடுப்புக்கும் பக்கத்தில் வைப்பது ஆபத்து. மின்தடைக்கு ஒரு வாரம் முன்பே மெயினை அணைத்து அரை மணி நேரம் ஓட்டிப் பாருங்கள். அதற்குள் இன்வெர்ட்டர் கத்தினால் கடைக்குப் போக நேரம் இருக்கும்.

ஃபிரிட்ஜை அடிக்கடி திறப்பது, இன்சுலினை ஃபிரீசரில் வைப்பது

கதவைத் திறக்காமல் இருந்தால் ஃபிரிட்ஜ் சுமார் நான்கு மணி நேரம் குளிர் காக்கும். நிறைந்த ஃபிரீசர் அதைவிடப் பல மடங்கு தாங்கும். முந்தைய இரவு இரண்டு பாட்டில் தண்ணீரை ஃபிரீசரில் உறைய வைத்து, காலையில் பால் இருக்கும் தட்டுக்கு மாற்றிவிடுங்கள். மதியத்துக்கு வேண்டியதை 9 மணிக்கு முன்பே வெளியே எடுத்துவிட்டால் கதவைத் திறக்கும் வேலையே இல்லை.

கெட்டுவிடுமே என்ற பயத்தில் இன்சுலினை ஃபிரீசருக்கு மாற்றுகிறவர்கள் உண்டு. தயவுசெய்து செய்யாதீர்கள். உறைந்த இன்சுலின் உருகிய பிறகும் பயன்படாது. மூடிய ஃபிரிட்ஜில் ஐந்து மணி நேரம் இருப்பதால் அதற்கு ஒன்றும் ஆகாது. ஐஸ் பாட்டிலை ஒட்டி வைக்காமல் இருந்தால் சரி. ஆக்சிஜன் கான்சன்ட்ரேட்டரில் (காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துத் தரும் கருவி) இருப்பவர்களுக்கு மட்டும் வீட்டு இன்வெர்ட்டரை நம்பாமல் ஆக்சிஜன் சிலிண்டர் ஒன்றைத் தயாராக வையுங்கள். நிமிடத்துக்கு 5 லிட்டர் தரும் இயந்திரமே 300 வாட்டுக்கு மேல் இழுக்கும்.

மாடியில் சோலார் இருக்கிறதே என்று இருப்பது

பேட்டரி இல்லாமல் வாரியக் கம்பியோடு இணைந்த சோலார், உச்சி வெயில் அடித்தாலும் மின்தடையின்போது நின்றுவிடும். அது பழுதல்ல. உங்கள் மாடியிலிருந்து மின்சாரம் கம்பிக்குப் போனால், கம்பத்தில் ஏறியிருக்கும் லைன்மேன் உயிர் போய்விடும். அதற்காகவே அப்படி வடிவமைத்திருக்கிறார்கள். ஜெனரேட்டருக்கும் இதே விதிதான். இரண்டு பக்கமும் பிளக் வைத்த வயரைச் சுவர் சாக்கெட்டில் செருகி வீடு முழுக்கக் கரண்ட் எடுக்கும் வேலையைக் கனவிலும் செய்யாதீர்கள். டிரான்ஸ்ஃபார்மர் வழியாகத் திரும்பிப் போகும் மின்சாரம் பல ஆயிரம் வோல்ட்டாக உயரும். வாரியக் கம்பியைத் துண்டித்து ஜெனரேட்டருக்கு மாற்றும் சேஞ்ச்ஓவர் சுவிட்ச் இல்லாமல் ஜெனரேட்டரை வீட்டு வயரிங்கோடு இணைக்கக் கூடாது.

கரண்ட் வந்ததும் எல்லாவற்றையும் போடுவது

9 மணிக்கே ஃபிரிட்ஜ், ஏசி, டிவி, மோட்டார் சுவிட்சுகளை அணைத்து வையுங்கள். கரண்ட் வந்ததும் ஐந்து நிமிடம் பொறுங்கள், சில சமயம் வந்து உடனே மறுபடி போகும். ஃபிரிட்ஜ், ஏசியின் நின்ற கம்ப்ரஸரில் வாயு அழுத்தம் சமநிலைக்கு வர மூன்று நிமிடமாவது ஆகும். அதற்குள் மீண்டும் ஓடப் பார்த்தால் சுழலாமல் திணறி, அதிகக் கரண்ட் இழுத்து, உள்ளே இருக்கும் கம்பிச் சுருள் சூடாகும்.

முதலில் ஸ்டெபிலைசர் காட்டும் வோல்டேஜைப் பாருங்கள். எல்இடி விளக்கை நம்ப முடியாது; 170க்கும் 250க்கும் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் எரியும். 230க்கு அருகில் இருந்தால் நல்லது. 260ஐத் தாண்டினாலோ, ஒரு வீட்டில் மங்கி இன்னொரு வீட்டில் பளீரென்றாலோ, நியூட்ரல் (மின்சாரம் திரும்பிப் போகும் கம்பி) விட்டுப்போயிருக்க வாய்ப்பு அதிகம். உடனே மெயினை அணையுங்கள்.

மும்முனை இணைப்பில் இன்னொரு சிக்கல் உண்டு. ஜம்பர் மாற்றியபோது பேஸ் வரிசை (மூன்று மின்கம்பிகளின் வரிசை) மாறிவிட்டால் மோட்டார் எதிர்த்திசையில் சுற்றும். ஆழ்துளைக் கிணற்று மோட்டார் சத்தம் போட்டும் தண்ணீர் மிகக் குறைவாக வந்தால், கிணறு வற்றிவிட்டது என்று முடிவு செய்து ஆளை வரவழைக்கும் முன் இதைச் சோதியுங்கள். எலக்ட்ரீஷியன் ஸ்டார்ட்டரில் இரண்டு பேஸை இடம் மாற்றினால் சரியாகிவிடும்.

பக்கத்து வீட்டில் வந்து உங்களுக்கு மட்டும் வரவில்லையா? மீட்டரைப் பாருங்கள். மீட்டரில் விளக்கு எரிந்தால் கோளாறு வீட்டுக்குள், எம்சிபியை (கோளாறு வந்தால் தானாக விழும் சுவிட்ச்) பாருங்கள். மீட்டரும் இருண்டிருந்தால் ஃபியூஸோ சர்வீஸ் கம்பியோ காரணம். மின் இணைப்பு எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு மின் வாரியப் புகார் மையமான மின்னகத்தின் 94987 94987 எண்ணில் புகாரைப் பதிந்து, புகார் எண்ணைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.