வில் வேட்டைப் பருவத்துக்கு முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் வெள்ளைவால் மானுக்கான வில் வேட்டைப் பருவம் அக்டோபர் 1 அன்று தொடங்குகிறது. செப்டம்பர் கடைசி வாரம் வரை வில்லைப் பெட்டியிலேயே வைத்திருந்துவிட்டு, அதன்பின் அவசரமாக எடுத்துச் சரிபார்ப்பதுதான் பலர் செய்யும் முதல் தவறு. துப்பாக்கிக் குண்டைப் போல அதிர்ச்சியால் வீழ்த்தும் ஆற்றல் அம்புக்கு இல்லை. அதன் கூரிய அலகுகள் நுரையீரலையோ இதயத்தையோ அறுத்துச் செல்லும்போதுதான் மான் விரைவில் உயிரிழக்கிறது. எனவே கருவியில் விட்ட சிறு பிழையும், காயத்தோடு ஓடிப் புதருக்குள் நெடுநேரம் துடிக்கும் ஒரு விலங்கில் போய் முடியலாம். (இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி மான் வேட்டை குற்றம், இங்கே கூறுபவை உரிமம் பெற்று வேட்டையாட இடமுள்ள நாடுகளுக்கே பொருந்தும்.)

தவறுகளிலேயே பெரியது, கோடை முழுவதும் பயிற்சி முனையால் எய்து பழகிவிட்டு, பருவம் தொடங்கும் நாளில் வேட்டை முனையைத் திருகிக்கொண்டு காட்டுக்குள் செல்வது. இரண்டும் ஒரே எடையில் இருந்தாலும் ஒரே மாதிரி பறப்பதில்லை. பயிற்சி முனை உருண்டையானது. வேட்டை முனையின் விரிந்த அலகுகளோ காற்றைப் பிடிப்பதால், வில்லிலிருந்து அம்பு சற்றே கோணலாகப் புறப்பட்டாலும் அக்கோணலைப் பெரிதாக்கிவிடும். மிச்சிகன் சட்டப்படி மானுக்கான முனையின் அகலம் 7/8 அங்குலத்துக்குக் குறையக் கூடாது என்பதால், இந்தச் சிக்கலிலிருந்து யாரும் முழுவதுமாகத் தப்ப முடியாது. இரு முனைகளையும் அடுத்தடுத்து எய்து, வேட்டை முனை இடப்பக்கம் விலகினால், அம்பு தாங்கியை வலப்பக்கமாக 1/32 அங்குலம் போல மிகச் சிறிதாக நகர்த்தி மீண்டும் எய்து பார்க்க வேண்டும். இதைச் செய்யாமல் குறிகாட்டியை மட்டும் திருப்பிவைப்பவர்கள் குறையை மறைக்கிறார்களே தவிர நீக்குவதில்லை. கோணலாகப் பறக்கும் அம்பு இலக்கில் பட்டாலும் ஆழமாக ஊடுருவாது. பயிற்சியில் மழுங்கிய அலகுகளையே வேட்டைக்கும் எடுத்துச் செல்வதை என்னால் ஏற்க இயலவில்லை. அவற்றை மாற்றுங்கள், அல்லது தீட்டிக்கொள்ளுங்கள்.

அம்புத் தண்டையும் அப்படியே நம்பிவிடக் கூடாது. கார்பன் தண்டின் இரு முனைகளையும் பிடித்து மெல்ல வளைத்து, காதருகே வைத்துக் கேளுங்கள். நறநறவென்று ஒலி வந்தால் அந்த அம்பைத் தூக்கி எறிந்துவிட வேண்டும். விரிசல் விட்ட தண்டு நாணை விடும் நொடியில் சிதறி, வில் பிடித்த கைக்குள்ளேயே பாய்ந்துவிடக்கூடும்.

நாண் பிசிறு விட்டிருந்தால் மாற்றுவதற்கு ஏற்ற காலம் ஜூலை, ஆகஸ்ட். புது நாண் முதல் நூறு அம்புகள் வரையிலாவது நீண்டு இளகிக்கொண்டிருக்கும். குறி பார்க்க அதில் பொருத்திய பார்வைத் துளை திரும்பிக்கொள்ளும். காம்பவுண்ட் வில்லின் முனைகளில் நாண் சுற்றியோடும் சக்கரங்களின் ஒத்திசைவும் பிறழும். இவையெல்லாம் நிலைப்பட்ட பின்னரே குறி பார்த்துச் சரிசெய்ய வேண்டும். வில்லை வெயிலில் நிற்கும் காருக்குள் விட்டுவைப்பது நாணையும் வில்லின் வளையும் கைகளையும் ஒருசேரக் கெடுக்கும்.

வேகத்தைக் கூட்டினால் மான் தப்பாது என்று நம்பி அம்பின் எடையைக் குறைப்பவர்கள் உண்டு. முப்பது கஜம், அதாவது 90 அடி தூரத்தில் நிற்கும் மானை வில்லின் ஒலி ஏறத்தாழ 0.08 நொடியில் எட்டிவிடுகிறது. நொடிக்கு 280 அடி வேகத்தில் செல்லும் அம்புக்கோ 0.32 நொடி ஆகும். இடையிலுள்ள கால் நொடி, மிரண்ட மான் ஓடுவதற்காக உடலைத் தாழ்த்தவும், அம்பு அதன் முதுகுக்கு மேலே போகவும் போதும். எந்த வில்லாலும் ஒலியை முந்த முடியாது. ஆகவே வில்லின் ஓசையை அடக்குவதே அறிவுடைமை: தளர்ந்த திருகுகளை இறுக்குங்கள், அம்பறாத்தூணி அதிர்கிறதா என்று பாருங்கள், கனமான அம்பைத் தேர்ந்தெடுங்கள். வில்லின் இழுவிசையில், அதாவது நாணை இழுக்கத் தேவைப்படும் விசையில், ஒரு பவுண்டுக்கு 5 கிரெயினுக்கு (அம்பின் எடையை அளக்கும் சிற்றலகு) குறைவான எடையுள்ள அம்பு வில்லையே சேதப்படுத்தலாம். 60 பவுண்டு வில்லுக்கு 300 கிரெயின் என்பது கடைசி எல்லை.

கோடையில் அரைக்கைச் சட்டையோடு, சமதரையில் நின்று பழகுவது மட்டும் போதாது. நவம்பர்க் குளிரில் அணியும் தடித்த மேலங்கியின் கைப்பகுதியில் நாண் உரசினால் அம்பு திசை மாறிவிடும். அதே உடையை அணிந்து, பரண் உயரத்திலிருந்து, உட்கார்ந்த நிலையிலும் எய்து பாருங்கள். வில்லை வானத்தை நோக்கி உயர்த்தினால்தான் இழுக்க முடிகிறது என்றால், இழுவிசையைச் சில பவுண்டுகள் குறைத்துக்கொள்வதில் எந்த இழுக்கும் இல்லை.

வில்லைப் பார்த்துப் பார்த்துச் சீராக்குபவர்கள்கூட, ஆண்டு முழுவதும் மழையிலும் வெயிலிலும் மரத்திலேயே கிடந்த பரணின் பட்டைகளைச் சோதிப்பதில்லை. வெயில் அவற்றை நைந்துபோகச் செய்கிறது. அணில்கள் கடித்தும் வைக்கின்றன. முழு உடல் பாதுகாப்பு வாரில் அச்சிட்டிருக்கும் காலாவதித் தேதியைப் பாருங்கள். பரணில் அமர்ந்த பிறகு மட்டும் வாரை மாட்டிக்கொள்வது பாதிப் பாதுகாப்புதான். ஏறும்போதும் இறங்கும்போதும் பரணில் கால் வைக்கும்போதும் விழுந்தவர்கள் பலர். எனவே பரணுக்கு மேலிருந்து தரைவரை மரத்தில் கட்டிய உயிர்க்கயிற்றோடு, தரையிலிருந்தே வாரை இணைத்துக்கொண்டு ஏற வேண்டும். வில்லைத் தோளில் மாட்டிக்கொண்டு ஏறாமல், அம்பு முனைகளை மூடிய அம்பறாத்தூணியோடு கீழேயே ஒரு கயிற்றில் கட்டிவைத்துவிட்டு, மேலே அமர்ந்து வாரை மரத்தோடு பிணைத்த பிறகே இழுத்துக்கொள்ளுங்கள்.