ரெண்டு நிமிஷ வேலைதானே! வீட்டுப் பட்டறையில் செய்யக்கூடாத தவறுகள்

ஞாயிற்றுக்கிழமை காலையில் பைக் கழுவுகிற பலர் செய்வது இது. சென்டர் ஸ்டாண்டு போட்டு, வண்டியை ஸ்டார்ட் செய்து, முதல் கியரில் விட்டுவிடுவார்கள். பின்சக்கரம் தானாகச் சுற்றும். ஒரு பழைய பனியன் துணியை எடுத்து, ஓடுகிற செயினில் பிடித்தால் போதும், செயின் முழுக்கத் துடைபட்டுவிடும். ரெண்டு நிமிஷ வேலை.

அந்தத் துணியின் ஒரு நூல் செயின் கண்ணியில் மாட்டினால், துணி போகும் வழியில் விரலும் ஸ்ப்ராக்கெட்டுக்குள் போகும். கையை இழுத்துக்கொள்ள நேரமே இருக்காது. கை அறுவை சிகிச்சை செய்யும் மருத்துவர்களுக்கு மிகவும் பழக்கமான காயம் இது. கத்தி வெட்டியதைப்போல நேராக இல்லாமல் நசுங்கித் துண்டாவதால், விரலைத் திரும்பப் பொருத்துவதும் கடினம்.

இன்ஜினை அணைத்து, சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, நியூட்ரலில் வைத்து, சக்கரத்தைக் கையால் ஒரு சாண் சுற்றி நிறுத்துங்கள். நின்றிருக்கும் செயினைத் துடையுங்கள். மறுபடி ஒரு சாண். பதினைந்து நிமிஷம் ஆகும், ஆகட்டும். செயின் கழுவ பெட்ரோல் வேண்டாம். கண்ணிகளுக்கு நடுவே ரப்பர் வளையம் வைத்த ஓ-ரிங் செயினாக இருந்தால் பெட்ரோல் அந்த வளையங்களைக் கெடுத்துவிடும். திறந்த கிண்ணத்தில் வைத்த பெட்ரோலின் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு தரையாகப் படர்ந்து, பத்தடி தள்ளி இருக்கும் மோட்டாரின் பொறியிலோ பூஜை அறை விளக்கிலோ பற்றிக்கொள்ளும்.

போர்ட்டிகோ ஓரத்தில் ஒரு மேசையும் இரும்புப் பெட்டி நிறையச் சாமான்களும் வைத்துக்கொண்டு பல வருஷமாக வீட்டு வேலைகளைச் செய்து பார்ப்பவன் நான். நான் கண்டவரையில், பெரிய வேலைகளில் நமக்கு அவ்வளவாக அடிபடுவதில்லை. கேட்டுக்கு வெல்டிங் வைப்பது, ஷெட்டுக்குக் கூரை போடுவது என்றால் முந்தின நாளே யோசித்து, ஷூ போட்டு, துணைக்கு ஆள் கூப்பிட்டு இறங்குகிறோம். ஆணி ஒன்றை அறுப்பது, பல்பு ஹோல்டர் மாற்றுவது என்றால் லுங்கியோடு, வெறுங்காலோடு, கண்ணாடி தேடாமல் தொடங்கிவிடுகிறோம். கீழே சொல்லும் தவறுகள் எல்லாம் அப்படிப்பட்ட சின்ன வேலைகளில் நேர்பவை.

கிரைண்டர்

நம் வீடுகளில் இப்போது சாதாரணமாகிவிட்ட கருவிகளில் எனக்கு அதிகம் பயம் தருவது, இரும்பை அறுக்கவும் தேய்க்கவும் வைத்திருக்கும் 4 இஞ்சு ஆங்கிள் கிரைண்டர்தான். சுமையில்லாமல் ஓடும்போது நிமிஷத்துக்கு ஏறத்தாழ 11,000 சுற்று சுற்றும். கணக்குப் போட்டால் வீலின் விளிம்பு மணிக்கு 200 கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில் போகிறது. அந்த வேகத்தில் உடைந்து பறக்கும் ஒரு துண்டு வீலுக்கும் நம் முகத்துக்கும் நடுவே இருப்பது வீலைப் பாதி மூடியிருக்கும் அந்த இரும்பு கார்டு (தடுப்பு) மட்டும்தான். வாங்கிய வாரத்திலேயே பலர் அதைக் கழற்றி மூலையில் போட்டுவிடுகிறார்கள். "பார்வையை மறைக்குது" என்பார்கள். சில நேரம் உண்மையான காரணம் வேறு: பெரிய வீல் மாட்ட கார்டு இடம் கொடுக்காது.

ஒவ்வொரு வீலிலும் அது தாங்கும் உச்ச வேகம் அச்சிட்டிருக்கும். 4 இஞ்சு வீல் சுமார் 15,000 சுற்று தாங்கும். 7 இஞ்சு வீலுக்கு 8,500 சுற்றுதான் எல்லை. தேய்ந்துபோன 7 இஞ்சு வீலைச் சின்ன கிரைண்டரில் மாட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்த வீல் வடிவமைக்கப்படாத வேகத்தில் சுற்றுகிறது. மரம் அறுக்கப் பல் வைத்த பிளேடை கிரைண்டரில் மாட்டுவது அதைவிடக் கொடியது. கிரைண்டரை ஒரு கையாலும் பிடிக்கலாம், கைப்பிடியைக் கழற்றிவிடலாம் என்ற பழக்கம் நமக்கு உண்டு. பல் பிளேடு மரத்தின் முடிச்சில் சிக்கினால் கருவி கையை மீறித் திரும்பி வரும். மரத்துக்கு சர்குலர் சா இருக்கிறது, ஜிக்சா இருக்கிறது, கைரம்பமும் இருக்கிறது.

கட்டிங் வீலைப் பக்கவாட்டில் வைத்துத் தேய்ப்பதும் கூடாது. ஒரு மில்லிமீட்டர் கனமுள்ள வீல் நேராக அழுத்தினால் தாங்கும், பக்கத்தில் அழுத்தினால் நொறுங்கும். பிசிர் தட்ட கிரைண்டிங் வீல் தனியாக மாட்டுங்கள். வீலின் நடுவில் உள்ள உலோக வளையத்தில் காலாவதி மாதமும் வருஷமும் பொறித்திருக்கும். மருந்துக்குப் பார்ப்பதுபோல் இதற்கும் பார்க்க வேண்டும். வீலில் தூளைப் பிணைத்து வைத்திருக்கும் ரெசின் ஈரத்திலும் காலத்திலும் பலவீனமாகும். மழையில் நனைந்த வீலைக் காயவைத்து மாட்டுவது வேண்டாத சிக்கனம்.

இன்னொன்று, எங்கே அறுக்கிறோம் என்பது. சதுரக் குழாயை இரண்டு ஸ்டூல்மேல் வைத்து நடுவில் அறுத்தால், அறுபடும்போது குழாய் நடுவில் தொய்ந்து வீலைக் கவ்வும். கவ்விய உடனே கிரைண்டர் உங்களை நோக்கி எகிறும். குழாயின் நீளமான பக்கத்தை மேசையோடு கிளாம்ப் போட்டு இறுக்கி, வெட்டி எடுக்கும் துண்டு வெளியே தொங்கும்படி வையுங்கள். வெட்டு தானாக விரியும்.

கண்ணைப் பற்றிச் சொல்ல எனக்கு அனுபவம் உண்டு. துருப்பிடித்த ஒரே ஒரு போல்ட், அறுத்து எறிய அரை நிமிஷம். காகிள்ஸ் உள்ளறையில் இருந்தது. பவர் கண்ணாடிதான் போட்டிருக்கிறோமே என்று அறுத்தேன். இரும்புத் துகள் கன்னத்துப் பக்கமாகக் கண்ணாடிக்குக் கீழே நுழைந்தது. அன்றைக்குச் சும்மா உறுத்தல்தான். மறுநாள் கண் சிவந்து வெளிச்சத்தைப் பார்க்க முடியவில்லை. கருவிழியில் பதிந்த இரும்பு அதற்குள் துருப்பிடித்து, சுற்றிலும் பழுப்பு வளையம் விட்டிருந்தது. துகளை எடுத்த பிறகு மருத்துவர் அந்தத் துருவையும் தனியாகச் சுரண்டி எடுக்க வேண்டியிருந்தது. துகள் விழுந்தால் கசக்காதீர்கள். துணி நுனியால் எடுத்துவிடுகிறேன் என்று வீட்டில் யார் முன்வந்தாலும் விடாதீர்கள். அன்றைக்கே கண் மருத்துவரிடம் போங்கள். இப்போது என் காகிள்ஸ் கிரைண்டரின் ஒயரிலேயே கட்டித் தொங்குகிறது. அதை அவிழ்க்காமல் பிளக்கைச் செருக முடியாது.

மெயினை அணைத்தும் கரண்ட் அடிப்பது

ஃபேன் கழற்ற வேண்டும், மெயின் சுவிட்சை அணைத்தாயிற்று, ஆகவே பயமில்லை. இன்வெர்ட்டர் உள்ள வீட்டில் இந்தக் கணக்கு தப்பு. மெயினை அணைத்தால் இன்வெர்ட்டர் அதைக் கரண்ட் போனதாக எடுத்துக்கொண்டு, நொடிக்கும் குறைவான நேரத்தில் பேட்டரியிலிருந்து அதே 230 வோல்ட்டை ஃபேன், லைட் லைன்களுக்குத் தந்துவிடும். கீழே வீடு முழுக்க அணைந்திருப்பதுபோல் தோன்றும். நீங்கள் கை வைக்கும் ஒயரில் மட்டும் உயிர் இருக்கும். முதலில் இன்வெர்ட்டரின் சுவிட்சை அணையுங்கள், அதன் வெளியீட்டு லைனின் எம்.சி.பி.யையும் (லோடு மிஞ்சினால் தானாக விழும் சுவிட்ச்) இறக்குங்கள், பிறகு மெயின். அதன் பிறகும் டெஸ்டர் வைத்துப் பாருங்கள். டெஸ்டரையும் நம்புவதற்கு முன் கரண்ட் இருப்பது உறுதியான ஒரு பிளக்கில் வைத்து எரிகிறதா என்று சோதியுங்கள். வெயில் வெளிச்சத்தில் அந்தச் சின்ன நியான் எரிவதே தெரியாது.

எம்.சி.பி. இருக்கிறது, அது காப்பாற்றும் என்று நம்புகிறவர்களும் உண்டு. எம்.சி.பி. ஒயர் சூடேறி எரியாமல் காக்கிறது. ஒரு மனிதனைக் கொல்ல அதன் கணக்கில் மிக அற்பமான கரண்டே போதும், அதற்கெல்லாம் அது விழாது. ஆளைக் காக்க வேண்டியது, கரண்ட் கசிந்தால் உடனே லைனைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. என்ற சுவிட்ச்; வீட்டுக்கு 30 மில்லி ஆம்பியர் வகை. அதில் 'டி' என்று ஒரு பட்டன் இருக்கும். மாதம் ஒருமுறை அழுத்தினால் படக்கென்று விழ வேண்டும். விழாவிட்டால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு மாற்றிவிடுங்கள்.

மூன்று பின் பிளக்கில் பெரிய பின்னை உடைத்துவிட்டு இரண்டு பின்னாகச் செருகும் பழக்கத்தை எத்தனையோ வீடுகளில் பார்க்கிறேன், மனசு பதறுகிறது. அந்தப் பெரிய பின் எர்த். மற்ற இரண்டையும்விட நீளமாக இருப்பது, செருகும்போது முதலில் தொட்டு, உருவும்போது கடைசியாக விட வேண்டும் என்பதற்காக. இரும்பு உடல் உள்ள டிரில்லிங் மெஷின், மோட்டார் எதிலும் அதை உடைக்காதீர்கள்.

போர்வெல் மோட்டாரின் பேனல் பெட்டிக்குள் கப்பாசிட்டர்கள் இருக்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அவற்றில் மின்சாரம் தேங்கியிருக்கும். ஹோல்டரில் ஒரு 100 வாட் குண்டு பல்பை மாட்டி, அதன் இரண்டு ஒயரையும் கப்பாசிட்டரின் முனைகளில் தொட்டு இறக்கிவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

ஃபேனைத் திரும்ப மாட்டும்போது மறப்பது ஒரு சிறிய கம்பி. கொக்கியில் ரப்பர் புஷ், அதன் குறுக்கே போல்ட், நட்டு, நட்டுக்குப் பிறகு போல்ட்டின் ஓட்டையில் கோட்டர் பின். ஃபேன் சுற்றும் அதிர்வில் நட்டு மெல்ல மெல்லக் கழன்று வரும். அதைத் தடுப்பது அந்தப் பின்தான். பழைய பின் உடைந்திருந்தால் புதிதாக ஒன்று வாங்கிப் போட்டு, கால்களை விரித்து மடக்கிவிடுங்கள். பிளாஸ்டிக் நாற்காலிமேல் ஸ்டூல் வைத்து ஏறி இந்த வேலையைச் செய்யாதீர்கள். ஏணியும் கீழே பிடிக்க ஓர் ஆளும் வேண்டும்.

சுவர், குழாய், நட்டு

இவற்றில் உயிருக்கு ஆபத்து குறைவு, செலவு அதிகம். சுவரில் துளை போடுமுன் சுவிட்ச் போர்டையும் குழாயையும் பாருங்கள். போர்டுக்கு நேர் மேலேயும் நேர் கீழேயும் ஒயர் பைப் ஓடும், குழாய்க்கும் ஷவருக்கும் நேர்கோட்டில் தண்ணீர் பைப் ஓடும். அந்தக் கோடுகளை விட்டுத் தள்ளி நில்லுங்கள். டைல்ஸ் என்றால் டிரில்லின் ஹேமர் மோடை அணைத்து, மேலே ஒரு துண்டு மாஸ்கிங் டேப் ஒட்டி, மெதுவாகத் தொடங்கி, டைல்ஸைத் தாண்டிய பிறகே ஹேமர். சுற்றும் டிரில்லுக்குத் துணிக் கையுறை கூடவே கூடாது. அது பாதுகாப்பு போலத் தெரியும், பிட் சுற்றி இழுக்கும்போது கையையும் சேர்த்துத் திருகும். துப்பட்டாவும் லுங்கி நுனியும் அப்படியே.

குழாய் மாற்றுவதில் ஒழுகலுக்குப் பயந்து மரையில் டெஃப்லான் டேப்பை முப்பது சுற்று சுற்றி, ஸ்பேனர் போட்டு முழு பலத்தோடு திருகுகிறோம். சுவருக்குள் இருக்கும் எல்போ (வளைவு இணைப்பு) விரிசல் விட்டால், டைல்ஸை உடைத்துத்தான் எடுக்க வேண்டும். மரை உங்களைப் பார்க்கும்படி பிடித்து, கடிகார முள் போகும் திசையில் இறுக்கி இழுத்துச் சுற்றினால் பத்துப் பன்னிரண்டு சுற்று போதும். எதிர்த் திசையில் சுற்றினால் திருகும்போதே டேப் உரிந்து வந்துவிடும். எல்லாவற்றுக்கும் முன்னால் மொட்டை மாடியில் உள்ள கேட் வால்வு முழுசாக மூடுகிறதா என்று பாருங்கள். பல வருஷம் தொடாத வால்வு பாதியில் நின்றுவிடும்; அதைக் குழாயைக் கழற்றிய பிறகு தெரிந்துகொள்ளக் கூடாது.

துருப்பிடித்த நட்டில் டபிள்யூ.டி.-40 அடித்த கையோடு ஸ்பேனரைப் போடுகிறோம். எண்ணெய் மரைக்குள் ஊற நேரம் வேண்டும். அடித்துவிட்டுச் சாப்பிடப் போங்கள். வந்து, ரிங் ஸ்பேனரால் முதலில் இறுக்கும் பக்கம் ஒரு நூல் அளவு அசைத்து, துரு விட்டதும் கழற்றுங்கள். கழன்ற இடத்தில் கிரீஸ் வைப்பதும் உங்கள் வேலை. 1953இல் அமெரிக்காவில் உருவான அந்தத் திரவத்தின் பெயரிலேயே ஈரத்தை விரட்டுவது என்ற பொருள் இருக்கிறது. நிலைத்து நிற்கும் மசகு வேண்டிய இடத்தில் அது கிரீஸுக்கு ஈடாகாது.

ஆயுத பூஜைக்கு உளி, ஸ்பேனர் எல்லாவற்றையும் துடைத்துச் சந்தனம் வைப்பது எனக்குப் பிடித்த நாள். ஈரச் சந்தனத்தையும் விபூதியையும் இரும்பில் நாள்கணக்கில் விட்டால் அந்த வட்டத்திலேயே துரு ஏறும். மறுநாள் பூஜை முடித்து எடுக்கும்போது துடைத்து, ஒரு சொட்டு எண்ணெய் தடவி வையுங்கள்.

பாட்டில்கள்

பாத்ரூம் தரையில் கறை போகவில்லை என்று பிளீச்சிங் பவுடர் தூவி, அதன்மேல் ஆசிட்டையும் ஊற்றுவார்கள். இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு வரும். மூடிய சின்ன அறையில் அது நுரையீரலைப் புண்ணாக்கும். ஒன்றைப் போட்டுத் தேய்த்து, நன்றாகத் தண்ணீர் விட்டுக் கழுவிய பிறகு வேறொரு நாள் மற்றது. கண் எரிந்து இருமல் வந்தால், கழுவி முடித்துவிடலாம் என்று உள்ளே நிற்காமல் கதவைத் திறந்து வெளியே வாருங்கள்.

ஆனால் என்னை மிகவும் கவலைப்பட வைப்பது ஷெல்ஃபில் நிற்கும் கூல்டிரிங்க்ஸ் பாட்டில். தின்னர், மண்ணெண்ணெய், ஆசிட் எல்லாம் அதில்தான் ஊற்றி வைக்கிறோம், அரை லிட்டர் வாங்கப் போகும்போது கைக்குக் கிடைப்பது அதுதான் என்பதால். தாகத்தோடு ஓடி வரும் ஐந்து வயதுக் குழந்தைக்கு அது கூல்டிரிங்க்ஸ்தான். வாங்கிய டப்பாவிலேயே வையுங்கள், குழந்தையின் கைக்கு எட்டாத உயரத்தில், பூட்டி. தப்பித் தவறிக் குடித்துவிட்டால் உப்புத் தண்ணீர் கொடுத்தோ விரலை விட்டோ வாந்தி எடுக்க வைக்காதீர்கள். மண்ணெண்ணெயும் தின்னரும் திரும்பி வரும்போது நுரையீரலுக்குள் இறங்கும், ஆசிட் உணவுக்குழாயை இரண்டாம் முறையும் சுடும். குழந்தையைத் தூக்கிக்கொண்டு நேராக மருத்துவமனைக்கு ஓடுங்கள், அந்தப் பாட்டிலையும் கையில் எடுத்துக்கொண்டு.